சாரதிக்கு ரிக்கற் இல்லை

ஏழு கட்டை தூரத்தில்
நாற்பத்து மூன்று வருசம் இருந்தவன்
உமரித்திட்டிக்கு ஒரு நாளும் போனதில்லை.
அது கடல்காரரின் பக்கம். நாங்கள் வயல்காரர்.
கட்டுக்கரைத் தண்ணி எப்ப திறப்பார்கள் என்று கேள், சொல்லுவேன்.
கடல் எத்தனை மணிக்கு வற்றும் என்று
எனக்கேன் தெரியவேணும்?

வவுனியா ஆஸ்பத்திரி டொக்டர் சுலக்சனா
ஓட்டோவால் இறங்கிக் கேட்டா:
"இந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு வாறீங்களா?
காத்து நிற்கிற காசோடு சேர்த்துத் தாறன்."

கொட்டிலில் பெலிசியான் புத்தகம் கிழித்தான்.
உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை.
"சாரதிக்கு ரிக்கற் இல்லை" என்றவன்
என் செருப்பைப் பார்த்தான்.
"கழட்டி வை தவசீலன். சேறு வாங்கினால் திருப்பித் தராது."
நான் கழட்டவில்லை.

வற்று.
அந்தச் சொல்லைக் குளத்துக்கும் வாய்க்காலுக்கும்தான்
இதுவரை சொல்லியிருக்கிறேன்.
இங்கே ஒரு கடல்
யாரோ வெளியில் கூப்பிட்டதுபோல எழுந்து போயிருந்தது,
படுத்த பாயைச் சுருட்டாமல்.
கண்டல் வேர்கள் சேற்றுக்கு மேலே மூக்கை நீட்டி நின்றன.
ஒற்றைக் கை பெருத்த நண்டுகள் ஆயிரம்
வா என்றனவா, போ என்றனவா, விளங்கவில்லை.
கலியாணப் பேச்சாம். டொக்டர் சொன்னா.

திட்டியில் ஏறும் இடத்தில் மூன்று மொழிப் பலகை.
எதையும் எடுத்துச் செல்லாதீர்.
அதன் கீழே
எதையும் விட்டுச் செல்லாதீர் என்று இருக்கவேண்டியது
எதையும் வீட்டுச் செல்லாதீர் என்று இருந்தது.
டொக்டர் சிரித்துப் படமெடுத்தா.
வீட்டுக்குப் போகாதே என்று
எங்கள் ஒழுங்கையிலும் ஒரு காலம் பலகை நின்றது,
சிவப்பில், மண்டையோடு போட்டு.
அதில் ஒரு எழுத்துப் பிழையும் இருக்கவில்லை.

பிறகு பறவை.
முக்காலியில் குழாயைப் பூட்டி "பாருங்கோ" என்றா.
முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது.
பிறகு சேறு. பிறகு திடீரென
முழுக் கண்ணாடியும் ஒரு குருவி.
பெயர் சொன்னா, காதில் நிற்கவில்லை.
மூக்கன் என்று நானாக வைத்துக்கொண்டேன்.
அவ்வளவு நீள மூக்கு, நுனி கொஞ்சம் மேலே வளைந்து.
காலில் பச்சைத் தகடு. தகட்டில் எழுத்து.

"அடையாள அட்டையோ?"
"அப்படித்தான். எங்க போட்டதென்று எழுதிக் கேட்கவேணும்.
பனி விழுற நாடாக இருக்கும்."
அவ குழாய்க்குள்ளால் எழுத்தெழுத்தாக வாசித்தா.
ஓமந்தையில் என்னுடையதையும் இப்படித்தான்
கிட்ட வராமல், கை நீட்டச் சொல்லி வாசித்தார்கள்.
மூக்கன் அதற்கெல்லாம் நிற்கவில்லை.
ஒரு புழுவை இழுத்து எடுத்து
தண்ணியில் கழுவித் தின்றது.

அப்போதுதான் பார்த்தேன்,
நாங்கள் நடந்து வந்த சுவடுகள் நிறைகின்றன.
குதிக்கால் குழி முதலில், பிறகு விரல்கள்.
அலை இல்லை, சத்தம் இல்லை,
வரம்பு வெட்டிவிட்ட வயலுக்குள் வருகிறது போல
பள்ளம் பார்த்துப் பார்த்து வந்தது.
"டொக்டர், தண்ணி."
"அட்டவணைப்படி இன்னும் நாற்பது நிமிசம் இருக்கு."
"அட்டவணை எனக்குத் தெரியாது.
தண்ணி பாய்ச்சத் தெரியும். வாங்கோ."

பாதி வழியில் முழங்கால்.
முக்காலி தலையில்.
இடது செருப்பைச் சேறு பிடித்தது,
இழுத்தேன், அதுவும் இழுத்தது,
விட்டேன்.

கரையில் பெலிசியான் என் ஒற்றைக் காலைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

இப்போது அடம்பன் சந்தியில்
ஹயர் இல்லாமல் நிற்கிற நேரங்களில்
ஒரு நாளைக்கு ஒரு முக்கால் மணித்தியாலம் தள்ளிக் கணக்குப் பார்க்கிறேன்.
பக்கத்து ஓட்டோக்காரன் நேரம் கேட்டான், போன கிழமை.
"பெருக்கு" என்றேன்.